சூடு தெரியும், பேர் தெரியாது!

பகல் மனுஷனுக்கு, ராத்திரி மிருகத்துக்கு என்று ஆதியிலேயே ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்க வேண்டும். நாம் ஆபீஸ் போய்வந்து, சாப்பிட்டு, குறட்டை விட ஆரம்பிக்கும்போது அவை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும். காட்டுப்பன்றியும் நரியும் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

அந்தப் பாகப்பத்திரத்தைக் கிழித்துப் போட ஒரு கருவி வந்துவிட்டது. தெர்மல் ஸ்கோப். துப்பாக்கியின் முதுகில் டெலஸ்கோப் போல மாட்டிக்கொள்ளும் ஒரு குழாய். கண்ணை வைத்தால், கும்மிருட்டில் 300 மீட்டருக்கு அப்பால் மேய்கிற பன்றி, கறுப்புப் புடவையில் சிந்தின தயிர் மாதிரி பளிச்சென்று தெரியும்.

"ஓ, பச்சையாத் தெரியுமே, அதுதானே?" என்பீர்கள். இல்லை ஸார். 1991 வளைகுடாப் போரின்போது டி.வி.யில் பச்சைப் பசேல் என்று காட்டினார்களே, அது வேறு வகையறா. நட்சத்திர வெளிச்சம், நிலா வெளிச்சம் என்று கிடைக்கிற துளியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுவது. தெர்மலுக்கு வெளிச்சமே வேண்டாம். அமாவாசையில் நிலவறைக்குள் உட்கார்ந்தாலும் வேலை செய்யும். அது பார்ப்பது சூட்டை.

சூடு உள்ள எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை விட்டுக்கொண்டே இருக்கின்றன. நீங்கள், நான், உங்கள் மேனேஜர், அவர் மேஜை மேல் ஆறிக்கொண்டிருக்கும் டீ... எல்லாம். இதன் மூலத்தை 1800-ல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த அதே ஆசாமி. சூரிய வெளிச்சத்தை முப்பட்டகக் கண்ணாடியால் வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் இருந்த தெர்மாமீட்டர்தான் மற்றதைவிட ஏறியது! அகச்சிவப்புக் கதிர் பிறந்த கதை அதுதான்.

நம் உடம்புச் சூட்டிலிருந்து வரும் கதிர் பெரும்பாலும் 9, 10 மைக்ரான் அலைநீளத்தில் இருக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கதிரிடம் ஒரு விசித்திரம். சாதாரணக் கண்ணாடி அதற்குச் செங்கல் சுவர் மாதிரி. உள்ளே நுழையாது. ஆகவே ஸ்கோப்பின் லென்ஸை ஜெர்மேனியம் என்ற உலோகம் போன்ற பொருளில் செய்கிறார்கள். நம் கண்ணுக்கு அது பளபளக்கும் சாம்பல் நிறத் தகடு, ஒன்றும் தெரியாது. சூட்டுக் கதிருக்கோ திறந்த ஜன்னல்.

லென்ஸுக்குப் பின்னால் சில்லு ஒன்று. நல்ல ஸ்கோப்பில் 640-க்கு 480, அதாவது 3 லட்சத்து 7 ஆயிரத்து 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் 12 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐந்தாறில் ஒரு பங்கு. மேலே வெனேடியம் ஆக்ஸைடு பூச்சு. சூடு பட்டால் அதன் மின்தடை துளியூண்டு மாறும். அந்த மாற்றத்தைப் படமாக மாற்றிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் ஹனிவெல் கம்பெனி ராணுவத்துக்காக ரகசியமாகச் செய்தது. 1992-ல் ரகசிய முத்திரை நீங்கியது. இன்றைக்குக் கடையில் பில் போட்டுத் தருகிறார்கள்.

கண்டுபிடித்தது மனுஷன்தான் என்று மார்தட்ட முடியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி வைத்துக்கொண்டு, எலியின் உடம்புச் சூட்டை இருட்டில் 'பார்த்து'க் கொத்துகிற குழிவிரியன்கள் இதைப் பல கோடி வருஷங்களாகச் செய்துவருகின்றன. லைசென்ஸ் கூட வாங்கவில்லை.

முன்பெல்லாம் ராத்திரி வேட்டை எப்படி நடந்தது? ஜிம் கார்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1926 மே மாதம் ருத்ரப்பிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை அவர் சுட்டது மாமரத்தில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில். கீழே ஆடு. சத்தம் கேட்டு டார்ச்சைப் போட வேண்டும். கண் இமைக்கும் நேரத்தில் சிறுத்தைதானா என்று பார்த்து விசையை அழுத்த வேண்டும். ஆனால் அந்த ஒரு நொடியில் தெரிந்தது சிறுத்தை. புள்ளியும் மீசையுமாக, சொந்த உருவத்தில். இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2023 மார்ச்சில் ஒரு வேலையாக அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்துக்குப் போயிருந்தேன். கல்லூரி நண்பன் வீட்டில் ஜாகை. "டேய், சனிக்கிழமை ராத்திரி பன்னி வேட்டைக்குப் போறோம், வர்றியா?" என்றான். சினிமா செகண்ட் ஷோவுக்குக் கூப்பிடுகிற மாதிரி! அவன் ஆபீஸில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டிப்போகிறாராம். ஆறடி மூன்றங்குலம். தூங்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்றுவார் போலிருந்தது. தொப்பிக்காரர் என்றே அழைப்போம்.

போன இடம் ஆஸ்டினுக்கு வடகிழக்கே மைலம் கவுண்ட்டி. பெயரைக் கேட்டதும் திண்டிவனம் பக்கத்து மயிலம் ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இது முருகன் இல்லாத மைலம். கறுப்பு மண், மக்காச்சோளம், மாடு.

டெக்ஸாஸில் காட்டுப்பன்றிகள் 20 லட்சத்துக்கு மேல். மண்ணின் மைந்தர்கள் இல்லை. 1539-ல் ஸ்பெயின்காரர் தெ சோட்டோ ஃப்ளோரிடாவில் இறங்கியபோது கறிக்காக ஓட்டிவந்த பன்றிகளில் ஆரம்பித்த வம்சம். பிறகு குடியேறியவர்களின் பட்டிகளிலிருந்து ஓடிப்போனவை சேர்ந்துகொண்டன. போதாதென்று 1930-களில் வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து டெக்ஸாஸில் விட்டார்கள். பொழுதுபோக்குக்கு! இப்போது அந்த ரத்தமெல்லாம் கலந்து, வருஷத்துக்கு இரண்டு பிரசவம் வரை, ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி என்று பெருகிவிட்டன.

விதை போட்ட அன்று ராத்திரியே கூட்டமாக வந்து, வரிசை பிசகாமல் மூக்கால் உழுது, ஒவ்வொரு சோளமாகத் தின்றுவிட்டுப் போகும். நம் ஊர்க் கொல்லைக்காரர்களிடம் கேட்டால் இந்தக் கதையின் தமிழ்ப் பதிப்பைச் சொல்வார்கள். ஆகவே அங்கே பன்றிக்குச் சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது. 2011-லிருந்து ஹெலிகாப்டரில் உட்கார்ந்துகூடச் சுடலாம். 2019-லிருந்து, தனியார் நிலத்தில் சொந்தக்காரர் சம்மதம் இருந்தால் வேட்டை லைசென்ஸும் வேண்டாம். மானுக்கு அப்படியில்லை, சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு கடை மூடல். ராத்திரியில் தெர்மல் ஸ்கோப்பில் மான் தெரிந்தால் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும்.

வண்டியில் போகும்போதே என் பி.காம். மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. தொப்பிக்காரரின் ஸ்கோப் 4,000 டாலர். சுற்றுமுற்றும் பார்க்க, துப்பாக்கியில் மாட்டாத தனிக் கைக்கருவி 2,000 டாலர். ஆக 6,000. முந்தின வருஷம் அவர் சுட்ட பன்றி 37. தலைக்கு 162 டாலர்! "தேய்மானத்தை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுப் போடுடா" என்றான் நண்பன். போட்டேன். 32 டாலர் வந்தது. அதுவும் தோட்டா, பெட்ரோல், மனைவியின் கோபம் நீங்கலாக.

"எதுக்கு ரெண்டு கருவி? ஸ்கோப்பிலேயே தேடலாமே?" என்று கேட்டேன்.

தொப்பிக்காரர் வண்டியை மெதுவாக்கினார். "ஸ்கோப்பாலே தேடினா, கண்ணு போற இடமெல்லாம் துப்பாக்கி வாயும் போகும். அங்கே பன்னிதான் இருக்கும்னு யார் சொன்னது?"

அதற்கப்புறம் நான் கணக்குப் போடவில்லை.

ராத்திரி பத்தரை மணி. நிலா இல்லை. வயல் ஓரமாகக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நடந்தோம். பன்றிக்குக் கண் சுமார், மூக்கு சி.பி.ஐ. கைக்கருவியை என்னிடம் கொடுத்தார். வைத்துப் பார்த்தேன். ஸார், பிரமிப்பு! வானம் கன்னங்கரேல். மண் சாம்பல் நிறம். மரங்கள் அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. தூரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. "பன்னி!" என்று கிசுகிசுத்தேன். முயல். அறுபது அடியில்! தெர்மல் படத்துக்கு ஆழம் கிடையாது. கிட்டத்து முயலும் எட்டத்துப் பன்றியும் ஒரே சைஸ். இன்னொரு வெள்ளையை மோந்து பார்க்காத குறையாகப் போய்ப் பார்த்தோம். சற்றுமுன் போட்ட சாணி. சூடாக இருந்தது, பாவம்.

தொப்பிக்காரர் பாடம் எடுத்தார். கால் நீளமாகத் தெரிந்தால் மான் அல்லது கன்றுக்குட்டி. தலை தாழ்ந்து, கால் குட்டையாக, கூட்டமாக மண்ணைக் கிளறினால் பன்றி. பெட்டியில் '1,800 மீட்டர் வரை தெரியும்' என்று போட்டிருந்தால், 'அங்கே ஏதோ சூடாக இருக்கிறது' என்பது மட்டும் தெரியும் என்று அர்த்தம். எது என்று தெரிய அதில் சின்னப் பங்கு தூரத்துக்கு வர வேண்டும். அப்புறம் முக்கியமானது: வீட்டு விளக்கு இதில் தெரியாது. வெறும் கண்ணுக்கு ஒரு மைலிலிருந்தே மினுக்கும் பல்பு, ஸ்கோப்புக்குள் காணாமல் போய்விடும். சுவரும் மண்ணும் ஒரே சூட்டில் இருந்தால் வீடே தெரியாது. ஆகவே தோட்டா பன்றியைத் தாண்டினால் எங்கே போகும் என்பதைப் பகலிலேயே வந்து பார்த்து மனசில் வரைந்துகொள்ள வேண்டும்.

பதினொன்றே காலுக்குக் கூட்டம் கிடைத்தது. பதினான்கு வெள்ளை உருவங்கள், பெரியதும் சிறியதுமாக, வரிசையில் மூக்கை விட்டுக்கொண்டு. நூறு மீட்டர் வரை நெருங்கினோம். முக்காலி விரிந்தது. துப்பாக்கி ஏறியது. நான் கைக்கருவியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் இதயம் அடிப்பது பன்றிக்குக் கேட்டுவிடுமோ என்று பயம்.

சுடவில்லை.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். "சுடச் சொல்லுடா, எல்லாம் பன்னிதான்" என்றேன் நண்பன் காதில். தொப்பிக்காரர் கையை மட்டும் உயர்த்தினார். கூட்டத்துக்குப் பின்னால், வேலி ஓரம், பதினைந்தாவதாக ஒரு வெள்ளை. உருண்டையாக, அசையாமல். கிளறவும் இல்லை, மேயவும் இல்லை. எனக்கு அதுவும் பன்றி மாதிரிதான் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பெரிய ஆண் பன்றி என்றே நினைத்தேன்.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். அந்த உருண்டை மேலே நீண்டது. இரண்டு கால் முளைத்தது. இரண்டு கை. சோம்பல் முறித்தது.

பக்கத்து நிலத்துக்காரர். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய கிடாரி தலைச்சன் கன்று போட முக்கிக்கொண்டு படுத்திருக்கிறது. மிரளக் கூடாது என்று டார்ச்சை அணைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார். எங்களுக்கு இடம் கொடுத்த நிலத்துக்காரருக்கு நாங்கள் வந்திருப்பது தெரியும். இவருக்கு யாரும் சொல்லவில்லை.

தொப்பிக்காரர் துப்பாக்கியை இறக்கி, குண்டை எடுத்துப் பையில் போட்டுவிட்டுத்தான் குரல் கொடுத்தார். பன்றிகள் வெடித்துச் சிதறின மாதிரி ஓடின. வேலிக்கு இருபுறமும் நின்று இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். கன்று ஆணா பெண்ணா, மழை வருமா என்று. எனக்குத்தான் முழங்கால் நிற்கவில்லை.

திரும்பி நடக்கும்போது சொன்னார்: "இந்தக் கருவி சூட்டைக் காட்டும். பேரைக் காட்டாது. பேரு தெரியற வரைக்கும் விரல் விசைக்குள்ளே போகக் கூடாது. நாலாயிரம் டாலருக்கு அதைத் தர மாட்டாங்க."

இரண்டு மணிக்கு இன்னொரு வயலில், பின்னால் மண்மேடு உள்ள இடமாகப் பார்த்து, ஒன்றைச் சுட்டார். சத்தம் கேட்டதும் மற்றவை பறந்தன. ஒன்று மட்டும் படுத்துவிட்டது. நான் கருவியை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மண்ணில் தெறித்த ரத்தம்கூட வெள்ளையாகத்தான் தெரிந்தது. அந்தத் துளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகி அணைந்தன. உடம்பு மட்டும் அணையவில்லை. நாங்கள் போய், புரூசெல்லா நோய் தொற்றாமலிருக்கக் கையுறை மாட்டி, காலைப் பிடித்து வண்டிக்கு இழுத்துவரும் வரை அதே வெள்ளை. உயிரோடு இருந்ததற்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உயிர் போனது அந்த 3 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளில் ஒன்றுக்குக்கூடத் தெரியவில்லை.

பன்றி மேல் பரிதாபப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். விதைத்த சோளத்தை ஒரே ராத்திரியில் இழந்த விவசாயியிடம் போய்க் கருணை பேச எனக்கு வாய் வராது. ஆனால் கணக்கு உதைக்கிறது. பன்றிகள் பெருகாமல் இருக்கவே வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை ஒழிக்க வேண்டும் என்கிறார்கள் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்து நிபுணர்கள். ராத்திரிக்கு ஒன்று, இரண்டு என்று சுட்டு இது நடக்குமா? மிச்சக் கூட்டம் உஷாராகி அடுத்த வயலுக்குப் போய்விடும். கூட்டத்தை மொத்தமாக வளைக்கும் பெரிய பட்டிப் பொறிதான் ஜாஸ்தி வேலை செய்கிறது. அதில் த்ரில் இல்லை. ஆகவே அதற்கு யாரும் சனிக்கிழமை ராத்திரி காசு கொடுத்து வருவதில்லை.

வேட்டைக்கு வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கும் பண்ணைகள் டெக்ஸாஸில் நிறைய. நஷ்டக் கணக்கில் இருந்த பன்றி சத்தமில்லாமல் சொத்துக் கணக்குக்கு மாறிவிட்டது! சொத்தை யாராவது ஒழிப்பார்களா? கன்ஸாஸ் மாநிலம் இதைப் புரிந்துகொண்டு 2006-லேயே பொழுதுபோக்குக்காகப் பன்றி வேட்டையாடுவதைத் தடை செய்தது. வேட்டை என்று வந்துவிட்டால், வேட்டைக்காகவே பன்றியை லாரியில் ஏற்றிவந்து விடுகிற புண்ணியவான்களும் வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் ஸ்கோப் விலை விசாரிக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அரசு அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனால் இதே கண் நம் ஊருக்கும் வந்திருக்கிறது. விசை இல்லாமல். 2021 நவம்பரில் கோயமுத்தூர் நவக்கரை பக்கம் ரயில் மோதி மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனப்பகுதியில் தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் தெர்மல் கேமராவும் சாதாக் கேமராவும் வைத்தார்கள். யானை தண்டவாளத்தை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் பறக்கும். அங்கேயும் சூடு மட்டும் போதாது. அது யானைதான் என்று கண்டுபிடிக்கத் தனியாகக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஆக, பேர் சொல்ல இன்னொருவர் எப்போதும் வேண்டியிருக்கிறது.

என் நண்பன் அப்புறம் வேட்டைக்குப் போகவில்லை. துப்பாக்கியும் வாங்கவில்லை. கைக்கருவி மட்டும் மலிவாக ஒன்று வாங்கினான், தோட்டத்தில் ஆந்தை பார்க்க. போன மாதம் போனில் புலம்பினான். வெறுங்காலோடு நடந்தால் தரையில் காலின் சூடு கொஞ்ச நேரம் தங்குமாம். ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த அவன் மனைவி, சும்மா அந்தக் கருவியை எடுத்துப் பார்த்திருக்கிறாள். படுக்கையறையிலிருந்து ஃப்ரிஜ் வரைக்கும், ஃப்ரிஜ்ஜிலிருந்து படுக்கையறை வரைக்கும் வரிசையாக வெள்ளைக் காலடி. டாக்டர் இனிப்பே தொடக் கூடாது என்று சொன்ன ஆசாமி அவன்!

கருவிக்கு அது யாருடைய கால் என்று தெரியவில்லைதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது.